கை கொடுத்த சாமி

பரிமளாவின் வலது கை விரல்கள் மடங்காமல் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வலி கிடையாது, வீக்கம் கிடையாது. விரித்த கை விரித்தபடியே நிற்கும். சோறு பிசைய முடியாது, சேலைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடிக்க முடியாது. இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டாள். விசேஷ வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டாள்.

புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் ஊசி குத்தி, கரண்ட் வைத்துப் பார்த்துவிட்டு, நரம்பில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையானவள். "அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு மெதுவாச் சொல்லுங்கம்மா" என்றாள். பரிமளா மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் கண்மாய்க்கரை வரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். அதற்கு மேல் போனால் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லவேண்டி வரும். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையில் தூக்கம் வந்தது. கை வரவில்லை.

ஆலங்குடிப் பக்கத்தில் ஒரு நர்சரி பள்ளிக்கூட வேனில் அவள் ஆயாவாக இருந்தாள். பிள்ளைகளை ஏற்றி இறக்குவது, வாந்தி எடுத்தால் துடைப்பது, கதவுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது. டிரைவர் திருப்பதிக்கு இருபத்தெட்டு வயது. திருமயம் பக்கத்துப் பையன், வேலைக்காக இங்கே வந்து தங்கியிருந்தான். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். வீட்டில் ஆட்டுக்கறி எடுத்தால் அவளும் அவனுக்கு ஒரு டப்பாவில் கொண்டுபோவாள்.

கார்த்திகை மாதம், ஒரு வாரமாக அடைமழை. சாயந்தர டிரிப்பில் பதினோரு பிள்ளைகள் இருந்தார்கள். கண்மாய்க்கரை ரோட்டில் வளைவுக்கு முன்னால் வண்டி சரிந்தது. இரண்டு உருட்டு உருண்டு தண்ணீருக்குள் போய்ப் படுத்தது. திருப்பதி கதவைத் தள்ளி வெளியே வந்தான், கரையேறினான், ஓடிவிட்டான். மறுநாள்தான் ஸ்டேஷனில் போய் நின்றான். பரிமளாதான் பின்கதவைக் காலால் உதைத்துத் திறந்து, பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கொடுத்தாள். பத்துப் பிள்ளைகள். பதினோராவது யுகேஜி இளமதி. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. அதன் மணிக்கட்டு பரிமளாவின் வலது கைக்குள் வந்தது. இறுக்கிப் பிடித்தாள். வண்டி சேற்றில் இன்னொரு முறை வழுக்கியது. சேறு படிந்த சின்னக் கை, அவள் பிடியில் இருந்து உருவிக்கொண்டு போனது.

அன்றைக்கு விரிந்த கைதான்.

அவள் போலீசிடம் சொன்னாள்: டிரைவர் ஸ்டீயரிங்கில் ஒரு கையும் செல்போனில் ஒரு கையுமாக வீடியோ பார்த்துக்கொண்டு ஓட்டினான். செல்போன் கண்மாய்ச் சேற்றோடு போய்விட்டது. வண்டிக்குள் இருந்து அதைப் பார்த்த பெரிய ஆள் அவள் ஒருத்திதான். திருப்பதி ஜாமீனில் வெளியே வந்து ஊரைவிட்டுப் போனான். வழக்கு கிடந்தது. பள்ளிக்கூடம் வேறு வேன் வாங்கியது, வேறு ஆயா வைத்தது.

புருஷன் குணசேகரன் தேங்காய் லோடு ஏற்றும் வேலை பார்த்தான். நல்லவன்தான். ஆனால் மாதக்கணக்கில் பெண்டாட்டிக்கு ஜாக்கெட் கொக்கி மாட்டிவிடுகிற ஆண்பிள்ளைக்கு எவ்வளவு பொறுமை இருக்கமுடியுமோ அவ்வளவுதான் இருந்தது. விபத்துக்கு அப்புறம் வந்த இரண்டாவது பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, "கெளம்பு. திருமயத்துக்கு அங்கிட்டு ஒரு கருப்பர் கோயில் இருக்காம். ஒரு சாமியாடி இருக்காராம். பேச்சு நின்னுபோன புள்ளைக்கெல்லாம் பேச்சு வந்திருக்காம்" என்றான்.

"ஆஸ்பத்திரியிலயே நரம்பு நல்லாருக்குன்னுட்டாங்களே."

"அதனாலதான் சொல்றேன். நரம்புல இல்லன்னா வேற எங்கிட்டோதான இருக்கு."

இரண்டு பஸ் மாறிப் போனார்கள். ரோட்டில் இருந்து ஒரு கிலோமீட்டர் நடை. புதிதாகப் போட்ட தகரக் கொட்டகை, பிளாஸ்டிக் நாற்காலிகள், டோக்கன் கொடுக்க ஒருவர். அறுபது எழுபது பேர் இருந்தார்கள். சிரிக்காத பிள்ளைகள், தானாகச் சிரிக்கும் பெண்கள், வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்ததிலிருந்து யார் முகத்தையும் பார்க்காத ஒரு வாட்டசாட்டமான ஆள். அவனுடைய அம்மா அவன் சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

பரிமளாவின் முறை பதினோரு மணி வாக்கில் வந்தது. சாமியாடி இடுப்பில் சிவப்புத் துண்டு கட்டியிருந்தான். நெஞ்சு வரைக்கும் தாடி, உடம்பெல்லாம் திருநீறு. தலையைக் குனிந்துகொண்டு உடுக்கையை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தான். "வா ஆத்தா, ஒக்காரு" என்றான்.

குரல் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தாடியும் திருநீறும் குரலை மறைக்கவில்லை. அவள் எழுந்தாள். குணசேகரன் பின்னால் இருந்து இரண்டு தோளையும் பிடித்து அழுத்தினான்.

"ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும். சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

"அவன்கிட்டயா என்னையக் கூட்டியாந்தீங்க?"

"அவன்கிட்ட இல்ல. அவன் மேல வர்ற சாமிக்கிட்ட. ஒக்காருடி, எல்லாரும் பாக்குறாங்க."

திருப்பதி தலையை நிமிர்த்தினான். அவளைப் பார்த்தான். உடுக்கை நின்றது. கொட்டகையில் இருந்தவர்கள் சாமி வருகிறது என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவன் உதடு நடுங்கியது. முதலில் கழுத்து, அப்புறம் தோள், அப்புறம் உடம்பு முழுக்க உதறத் தொடங்கியது. அது நடிப்பாக இருந்தால் நல்ல நடிப்பு. அவன் கண் மேலே சொருகியிருந்ததையும், முழங்கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றதையும் பரிமளா இரண்டடி தூரத்தில் இருந்து பார்த்தாள்.

மற்றவர்களுக்கு அவன் சத்தமாகத்தான் வாக்குச் சொன்னான். அவளுக்கு மட்டும் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தான்.

"நீ சிரிச்சது தப்பில்ல ஆத்தா."



அவள் போலீசிடம் சொல்லாதது அதுதான். டாக்டரம்மாவிடமும் புருஷனிடமும் சொல்லாததும் அதுதான். வளைவுக்கு முன்னால் திருப்பதி செல்போனை அவள் பக்கம் திருப்பி, "அக்கா, இந்தக் கூத்தப் பாருங்க" என்றான். எவனோ ஒருவன் எருமை மேல் ஏறப்போய் விழுகிற வீடியோ. ரோட்டைப் பார் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். அவள் குனிந்து பார்த்தாள். சிரித்தாள். இருவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் வண்டி சரிந்தது.

"நீ சிரிச்சதால வண்டி போகல. பிடிக்கிற வரைக்கும் பிடிச்ச. அந்தப் புள்ளைக்கு ஒம்மேல வருத்தமில்ல. விட்டுரு. கைய மூடிக்க."

விரித்த உள்ளங்கையில் திருநீற்றை வைத்தான். சூடாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுண்டுவிரல் மடங்கியது. அடுத்த விரல் மடங்கியது. ஐந்து விரலும் திருநீற்றை மூடிக்கொண்டன. பிறகு அந்தக் கை திருநீற்றை விட்டுவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தது. அவள் பிடிக்கச் சொல்லவில்லை, அதுவாகப் பிடித்தது. அவன் இழுத்துப் பார்த்தான், வரவில்லை. டோக்கன் கொடுத்தவரும் குணசேகரனும் சேர்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்கள். அவன் மணிக்கட்டில் நாலு சிவப்புக் கோடு விழுந்திருந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள்.

அன்று மதியம் திருமயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் பரிமளா வலது கையால் சாம்பார் சோறு பிசைந்து தின்றாள். குணசேகரன் அவள் கையையே பார்த்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் தட்டில் இருந்த அப்பளத்தை அவளுக்கு வைத்தான். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் அவளுக்குத் தாங்கவில்லை. பாதிச் சோற்றில் எழுந்துபோய் வாந்தி எடுத்தாள்.

அந்த வார்த்தையைச் சொல்ல இரண்டு பேரால்தான் முடியும். ஒன்று சாமி. இன்னொன்று திருப்பதி. யார் சொன்னது என்று அவள் எத்தனையோ நாள் யோசித்தாள். சாமி சொல்லியிருந்தால், அந்தச் சாமி ஓடிப்போனவன் மேல் ஏன் இறங்கியது? திருப்பதி சொல்லியிருந்தால், தன்னோடு சேர்ந்து சிரித்தவளை மன்னிக்க அவன் யார்? இரண்டில் எதுவாக இருந்தாலும் கை மூடியது. அதை இல்லை என்று சொல்ல முடியவில்லை.

வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஒரு வருடம் விளங்காமல் கிடந்த கையைக் கருப்பர் ஒரு நிமிடத்தில் மீட்டுக்கொடுத்தார் என்று எழுதியிருந்தது. கோயில் பக்கம் வைத்த பிளக்ஸில் பரிமளாவின் முகம், அழுதுகொண்டிருக்கும் முகம், பெரிதாக இருந்ததாம். அறந்தாங்கியில் இருந்தெல்லாம் கார் வைத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். சிலர் அங்கே போவதற்கு முன்னால் அவள் வீட்டுக்கு வந்து, கையை மூடித் திறந்து காட்டச் சொன்னார்கள். அவள் காட்டினாள்.

ஆடி மாதம் கோர்ட்டில் இருந்து சம்மன் வந்தது.

"என்ன சொல்லப் போற?" என்று குணசேகரன் கேட்டான்.

"பாத்ததத்தான் சொல்லணும்."

"அந்தக் கை யாரு குடுத்தது?"

அவள் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நான் அவனுக்காகச் சொல்லல பரிமளா. அவன் தூக்குல தொங்குனாலும் எனக்கென்ன. குடுத்த சாமி திருப்பி எடுத்துக்கிட்டா என்ன செய்வ? மறுபடியும் என்னால ஆகாது. சத்தியமா ஆகாது."

அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. தினமும் காலையில் கண் திறக்கும் முன்பே கையை மூடிப் பார்ப்பாள். அதோடு இன்னொரு பயமும் இருந்தது. செல்போன் என்று ஆரம்பித்தால் எதிர்த்தரப்பு வக்கீல், "அப்ப நீங்க என்னம்மா செஞ்சுக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்பார். திருப்பதி சொல்லிக்கொடுத்திருப்பான்.

கோர்ட்டு வராண்டாவில் அவன் வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றி நிறையத் திருநீறோடு நின்றான். பக்கத்தில் போகிறவர்கள் குனிந்து கும்பிட்டுப் போனார்கள். அவளைப் பார்த்ததும் நாலு எட்டு முன்னால் வந்தான்.

"அக்கா, கை எப்படியிருக்கு?"

மிரட்டுகிற மாதிரி இல்லை. வேனில் டீ வாங்கிக்கொடுத்துவிட்டு, சூடு போதுமா அக்கா என்று கேட்பானே, அந்த மாதிரி இருந்தது. உண்மையான அக்கறையா, ஞாபகப்படுத்துகிறானா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. "இருக்கு" என்றாள்.

உள்ளே பின்வரிசையில் இளமதியின் அம்மா கார்த்திகா உட்கார்ந்திருந்தாள். புருஷன் குவைத்தில். பிள்ளையின் காரியத்துக்கு வந்துவிட்டுப் பதினைந்தாம் நாள் திரும்பிப் போனவன். கார்த்திகா ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியாகத்தான் வந்தாளாம்.

அரசு வக்கீல் கேட்டார். பரிமளா கூண்டுக் கட்டையை வலது கையால் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நான் பின்னால திரும்பிப் புள்ளைகளப் பாத்துக்கிட்டிருந்தேங்கய்யா. டிரைவரப் பாக்கல. ரோடு ஈரமா இருந்துச்சு."

"செல்போன் பாத்தார்னு போலீசுல சொல்லியிருக்கீங்களே?"

"அப்ப எனக்குப் புத்தி சரியில்லைங்கய்யா. என்ன சொன்னேன்னு தெரியல."

அவளைப் பிறழ்சாட்சி என்று எழுதிக்கொண்டார்கள். அவள் இறங்கி வரும்போது கார்த்திகா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புரட்டாசியில் தீர்ப்பு. சந்தேகத்தின் பலனைத் திருப்பதிக்குக் கொடுத்து விடுதலை செய்தார்கள். அன்றைக்குக் கருப்பர் கோயிலில் கிடா வெட்டிச் சாப்பாடு போட்டதாகக் கேள்வி. குணசேகரனுக்கும் அழைப்பு வந்தது. அவன் போகவில்லை. அந்த மட்டுக்கும் அவனுக்கு வெட்கம் இருந்தது.

மாசி மாதம் ஒரு மத்தியானம் பரிமளா வாசலில் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டியில் வந்து இறங்கியது கார்த்திகா. உடம்பு பாதியாகியிருந்தது. உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. வெயிலிலேயே நின்றாள்.

"அக்கா, அந்தக் கோயிலுக்கு என்னையக் கூட்டிட்டுப் போறீங்களா?"

பரிமளாவின் கையில் இருந்த கடலை கீழே விழுந்தது.

"அது அவன் இருக்கிற எடம்ங்கம்மா."

"தெரியும். செத்துப்போனவங்களையும் கூப்புட்டுப் பேச வைக்கிறாராம். எங்க வீட்டுக்காரர் வேண்டாங்குறாரு. எங்க அம்மா காறித் துப்புது. எனக்கு அவன் யாருங்கறதெல்லாம் இப்பக் கணக்குல இல்லக்கா. ஒரு தடவ அது குரலக் கேட்டாப் போதும். ஒங்களுக்குக் கை வந்துச்சுல்ல. எனக்கு அதாச்சும் வரட்டும்."

வேண்டாம் என்று சொல்ல பரிமளாவுக்கு வாய் இல்லை. வெள்ளிக்கிழமை இருவரும் போனார்கள். வழியெல்லாம் கார்த்திகா மடியில் ஒரு பையில் பிள்ளையின் ஸ்கூல் ஸ்வெட்டரை வைத்திருந்தாள்.

திருப்பதி அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். கார்த்திகா அவன் முகத்தைப் பார்க்காமல் ஸ்வெட்டரை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "கூப்புடுங்க" என்றாள்.

அவன் வெகுநேரம் உடுக்கை அடித்தான். வியர்வை தாடி வழியாகச் சொட்டியது. சாமி வரவில்லை. ஒரு தடவை நிறுத்திவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி அடித்தான். கூட்டத்தில் சலசலப்பு வந்தது. ஒரு கட்டத்தில் அவன் உடம்பு உதறியது. வாயில் இருந்து மெலிந்த, சின்னக் குரல் வந்தது.

"அம்மா... எனக்குக் குளிரலம்மா... நான் சாமிகிட்ட நல்லாருக்கேன்மா... அழாதம்மா..."

கொட்டகையே அழுதது. பரிமளாவுக்குக்கூட உடம்பு சிலிர்த்தது. கார்த்திகா கழுத்தைச் சாய்த்து, கவனமாக, பாடம் கேட்கிற மாதிரி கேட்டாள். பிறகு ஸ்வெட்டரை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"இது என் புள்ள இல்ல" என்றாள். "என் புள்ள என்னைய மம்மின்னுதான் கூப்புடும்."

எழுந்து நடந்தாள். திருப்பதி உடுக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். அடுத்த டோக்கனை யாரோ கூப்பிட்டார்கள்.

ரோட்டோரத்தில் பஸ்ஸுக்கு நின்றார்கள். நிழல் இல்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பரிமளாவுக்கு இனி ஒரு நிமிடம்கூட அதை உள்ளே வைத்திருக்க முடியாது என்று தோன்றியது.

"அவன் செல்போன் பாத்துக்கிட்டுத்தாம்மா ஓட்டுனான். நான் கோர்ட்டுல பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றாள் கார்த்திகா. "எல்லாருக்கும் தெரியும். நீங்க வாயால சொல்லணும்னுதான் கோர்ட்டுல ஒக்காந்திருந்தேன்."

"இன்னொண்ணும் இருக்கு. அவன் எங்கிட்டக் காட்டுனான். நானும் பாத்தேன். சிரிச்சேன். வண்டி கவுறும்போது நான் சிரிச்சுக்கிட்டிருந்தேன்ம்மா."

கார்த்திகா திரும்பினாள். அடிப்பாள் என்று பரிமளா நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். கார்த்திகா கை ஓங்கவில்லை.

"எங்கிட்டச் சொன்னதுல ஒங்களுக்கு லேசாயிருச்சா?"

பரிமளாவுக்கு லேசாகத்தான் இருந்தது.

"அது கடைசியா என்னத்தப் பாத்துச்சுன்னு நான் தெனமும் நெனைப்பேன். ஜன்னல்ல மழையப் பாத்திருக்கும், கண்மாய்ல கொக்கப் பாத்திருக்கும்னு நானா வச்சுக்கிட்டேன். இனிமே நீங்க ரெண்டு பேரும் சிரிக்கிறதத்தான் நெனைக்கணும்." குரலை உயர்த்தவே இல்லை. "அவன் ஒங்களுக்குக் கை குடுத்தான். நீங்க அவன வெளிய விட்டீங்க. இப்ப இதையும் கொண்டாந்து எங்கிட்ட எறக்கி வச்சுட்டீங்க. நான் யார்கிட்டக்கா எறக்குவேன்?"

பஸ் வந்தது. கார்த்திகா முன்படியில் ஏறினாள். பரிமளா கம்பியைப் பிடித்து ஏறப்போனாள்.

"நீங்க அடுத்த வண்டியில வாங்க" என்றாள் கார்த்திகா, திரும்பிப் பார்க்காமல்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். பரிமளா கம்பியை விட்டாள்.